சிமெண்ட் ஊற்றிய இன்ஜின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. என்னிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, டாக்டர் கையெழுத்தும் இருக்கிறது. கதை கட்டுபவளுக்கு டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல். மத்தியானம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

என் பெயர் மார்லீன் ஹார்யு. அமெரிக்காவில், மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியை ஒட்டி இருக்கிறோம். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவள். கொட்டுகிற பனியில் கிளம்ப மறுத்த பஸ்களைத் திட்டித் திட்டியே கிளப்பியிருக்கிறேன். எதைக் கண்டும் ஓடி ஒளிகிற ஆள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. 1969ஆம் வருஷத்தது. இரண்டு கதவு, கரும்பச்சை. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் விலை கேட்பார்கள். 2003இல் இம்பி லாஹ்தி என்ற அம்மாளிடம் வாங்கினேன். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. அதுவரை அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். கடைக்கு, சர்ச்சுக்கு, எங்கும் அந்தக் கார்தான். சாவியைக் கையில் கொடுக்கும்போது இரண்டே வாக்கியம் சொன்னார்.

"ஓடுது. அப்படியே விட்டுடு."

கார் விற்பவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அப்படியே விடவில்லை. தகடு மாற்றினேன், பெயிண்ட் அடித்தேன், சீட்டுக்குப் புது உறை தைத்தேன். ஒவ்வொரு திருகையும் பளபளக்க வைத்தேன். ஜூலையில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்கு வருஷம் தவறாமல் கொண்டுபோனேன். வருஷம் தவறாமல் முதல் பரிசு தவறியது. காரணம் ஒன்றேதான்.

அந்தக் காலத்துக் கார்களில், காரின் எண்ணை இன்ஜின் மேலேயும் அடித்து அனுப்புவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் அது காரோடு பிறந்த இன்ஜின். ஒத்துப்போகாவிட்டால் மாற்று இன்ஜின். என் காரில் இருந்தது மாற்று. ஏதோ ஒரு டெலிவரி வேனிலிருந்து எடுத்துப் போட்டது. நல்ல இன்ஜின். ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. ஆனால் வெண்டல் என்று ஒரு நடுவர் இருக்கிறார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக அந்த எண்ணைத்தான் பார்ப்பார். முப்பது மதிப்பெண்ணைக் கழிப்பார்.

"என்ன மார்லீன், இந்த வருஷமும் அதே இன்ஜின்தானா?"

"ஓடுற இன்ஜின்யா அது."

"நல்ல சட்டைதான். ஆனா இரவல் சட்டை."

பத்தொன்பது வருஷம் இதைக் கேட்டேன். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. அந்தச் சொந்த இன்ஜின் பூமியில் எங்கே கிடந்தாலும் தோண்டி எடுத்து, அந்த மனிதர் முகத்துக்கு நேரே வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். என் கணவர் கோர்டிக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஓடுற இன்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு ஓடாத இன்ஜினைத் தேடுறியே... உனக்கென்ன கிறுக்கா?"

"யோவ், நீ மீன் பிடிக்கப் போற இடத்துல நான் வந்து ஏதாவது கேக்குறேனா?"

2021 அக்டோபரில் கிடைத்தது. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் ஒருவர் பண்ணைக் கொட்டகை ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். உள்ளே கிடந்த சாமான்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார். பதினேழாவது படத்தில், தார்ப்பாயின் கிழிசல் வழியே எண் மட்டும் தெரிகிற ஓர் இன்ஜின். எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 117406.

என் காரின் எண்.

கோர்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாளே வண்டியெடுத்துப் போய்க் கொண்டுவந்தோம். தார்ப்பாயில் சுற்றி, மேலே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி இல்லை. வெட்டித்தான் எடுத்தோம். இரும்பை யார் பூட்டி வைப்பார்கள் என்று கோர்டி கேட்டார். திருட்டு பயமாயிருக்கும் என்றேன்.

தார்ப்பாயை விலக்கியதும் இருவரும் குனிந்து பார்த்தோம்.

ஸ்பார்க் பிளக் மாட்டும் எட்டு ஓட்டைகளிலும் சிமெண்ட்.

தெரியாமல் சிந்தியது அல்ல. ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தி மட்டப்படுத்தியிருந்தது. எட்டிலும் விரல் தடம் காய்ந்துபோய் இருந்தது. சின்ன விரல்.

"யாருக்கோ இது மேல செம கோவம்" என்றார் கோர்டி.

"சிமெண்ட்தானே? உளி இருக்கு."

எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி இது. எதைப் பார்த்தாலும் பழுது என்றுதான் நினைப்போம். அதை எப்படிச் சரிசெய்வது என்றுதான் யோசிப்போம். ஒருவர் வேலை மெனக்கெட்டு எட்டு ஓட்டையையும் ஏன் அடைத்தார் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால், நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

பிப்ரவரியில் வேலையைத் தொடங்கினேன். எங்கள் கொட்டகை வீட்டிலிருந்து எழுபதடி தள்ளி இருக்கிறது. சிமெண்ட் தரை, தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. சூட்டுக்கு மின்சார ஹீட்டர். உள்ளே எரிகிற சாமான் ஒன்றுமே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருந்தும் கோர்டி சுவரில் விஷப்புகை அலாரம் ஒன்றை மாட்டியிருந்தார். காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்தால் கத்தும். அளவை எண்ணில் காட்டும். அவர் குளியலறையில்கூட ஒன்று மாட்டியிருப்பவர்.

வெளியே போக இரண்டு வழி. பக்கத்தில் சின்னக் கதவு ஒன்று. கூரையிலிருந்து சரிந்த பனி அதை டிசம்பரிலேயே மூடிவிட்டது. இன்னொன்று முன்னால் உள்ள பெரிய தகரக் கதவு. பொத்தானை அழுத்தினால் மேலே ஏறும்.

மாற்று இன்ஜினைக் காரிலிருந்து கழற்றினேன். சக்கரம் வைத்த சின்னக் கிரேனில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டேன். சொந்த இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றினேன். கார் நடுவில், முன்பக்கம் காலியாக நின்றது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எதை வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

பிப்ரவரி 7, திங்கள்கிழமை. இன்ஜினின் மேல்மூடிகளை முதல் வாரமே கழற்றியாகிவிட்டது. இப்போது எட்டு சிலிண்டரும் வாய் திறந்து தெரிந்தன. உள்ளே சிமெண்ட். உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். பதினொன்று நாற்பதுக்கு முதல் சிலிண்டர் சுத்தமாகியது. உள்ளே பார்த்தால் பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. சுவரில் ஒரு தேய்மானம் இல்லை. உடைந்துபோன இன்ஜினைத்தான் கழற்றிப் போடுவார்கள். இது உடையவே இல்லை.

சந்தோஷத்தில் இன்ஜின் மேல் கை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஹீட்டர் அந்தப் பக்கம் இல்லை. பத்தடி தள்ளி, காருக்கு அப்பால் இருந்தது. மற்ற இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் கட்டி. மறுபடி இதைத் தொட்டேன். கொஞ்ச நேரம் முன்பு ஓடி நிறுத்திய இன்ஜின் எப்படி இருக்குமோ அப்படி. உளியால் அடித்த சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று சிலிண்டர் முடித்தேன். பன்னிரண்டு பத்துக்கு அலாரம் ஒரே ஒரு தடவை கத்தியது. கீச்... அவ்வளவுதான். எண்ணைப் பார்த்தேன். 35.

பேட்டரி போயிருக்கும் என்று புதுசு மாட்டினேன். எண் சைபருக்கு வந்தது. திரும்பும்போது காரைப் பார்த்தேன். முன் கண்ணாடி பனித்திருந்தது. குளிரில் கண்ணாடி பனிப்பதில் அதிசயமில்லை. துணியால் துடைத்தேன். போகவில்லை.

ஈரம் உள்பக்கம் இருந்தது.

கதவுகள் இரண்டும் மூடியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. மூடின காருக்குள் யாராவது உட்கார்ந்து மூச்சு விட்டால்தான் அப்படிப் பனிக்கும்.

அன்று சாயங்காலம் எனக்குத் தலைவலி. கொட்டகைக்கு ஐந்து நிமிடம் வந்துபோன கோர்டிக்கும் தலைவலி.

"உள்ள ஏதாவது ஓட்டுனியா?" என்று கேட்டார்.

"எதை ஓட்டுறது? ரெண்டு இன்ஜினும் வெளியில கெடக்கு."

"புகை வாடை அடிச்சுது மார்லீன்."

"உன் சட்டையை மோந்து பாரு முதல்ல."

சிரித்துவிட்டேன். ஆனால் எனக்கும் அடித்தது. பழைய காரின் புகை வாடை எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருஷம் அதைத்தானே மூச்சாக இழுத்தேன்.

புதன்கிழமை இன்னும் மூன்று. ஆக ஏழு. இரண்டு இருபதுக்கு முதுகுப்பக்கம் வெளிச்சம் குறைந்தது. திரும்பினேன். காற்றுக்காகப் பாதி தூக்கி வைத்திருந்த பெரிய கதவு கீழே இறங்கியிருந்தது. மோட்டார் சத்தமே கேட்கவில்லை. எப்போது இறங்கியது என்றும் தெரியவில்லை.

காரின் டிரைவர் பக்கக் கண்ணாடி மறுபடி பனித்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் துடைத்திருந்தது. உள்ளங்கை அகலம். உள்ளேயிருந்து.

யாரோ வெளியே எட்டிப் பார்க்கத் துடைத்த மாதிரி.

எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. காரின் கதவைத் திறந்து சீட்டைத் தட்டினேன்.

"யாரா இருந்தாலும் எறங்கு. இது என் கார்."

காரில் யாரும் இல்லை. சீட்டு மட்டும் சூடாக இருந்தது.

அந்த ராத்திரி கோர்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை நிறுத்து என்பார். ஒரு சிலிண்டர்தான் பாக்கி. ஜூலையில் வெண்டல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரும்போது அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷக் காத்திருப்பு. ஒரு பனித்த கண்ணாடிக்காக விடுவேனா?

பிப்ரவரி 10, வியாழக்கிழமை.

கோர்டி ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தார். என் போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. கதவை முழுக்க மேலே தூக்கி, இறங்காமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டையையும் செருகிவிட்டுத்தான் உள்ளே போனேன். முட்டாள் இல்லை நான்.

எட்டாவது சிலிண்டரின் சிமெண்ட் கல்லாக இருந்தது. இரண்டு மணியிலிருந்து அடித்தேன். பாதிதான் உடைந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று மணி பன்னிரண்டைக் காட்டியது.

உளியை ஓங்கினேன்.

டுக்.

என் உளி இன்னும் இறங்கவில்லை.

டுக்... டுக்...

கையை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை.

டுக் டுக் டுக் டுக்...

அது என்ன சத்தம் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. மெதுவாக ஓடும் இன்ஜின். சத்தம் என் வயிற்றுக்கு நேரே இருந்த இன்ஜினிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தேன். மேல்மூடி இல்லை. பெட்ரோல் குழாய் இல்லை. ஒயர் இல்லை. ஏழு பிஸ்டன்களும் என் கண்ணுக்குத் தெரிந்தன.

ஒன்றும் அசையவில்லை.

சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் காது பழகின காது. தானாகவே எண்ண ஆரம்பித்துவிட்டது. ஏழு துடிப்பு. ஒரு இடைவெளி. ஏழு துடிப்பு. ஒரு இடைவெளி...

ஏழு சிலிண்டரைத் திறந்துவிட்டிருந்தேன். எட்டாவதுக்காக அது காத்திருந்தது.

அலாரம் கத்த ஆரம்பித்தது. திரும்பினேன்.

90.

பெரிய கதவு மூடியிருந்தது.

மரக்கட்டை தரையில் கிடந்தது. இரண்டாகப் பிளந்து.

ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமியது. கதவு ஏறவில்லை. கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்தேன். இரண்டு கையாலும் தூக்கினேன். அசையவில்லை. அடியில் ஐஸ் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் எப்படிப் பிடிக்கும்?

180.

சின்னக் கதவை உதைத்தேன். பனி. சுவர் மாதிரி.

தலை விண் விண் என்று தெறித்தது. கால் துவண்டது. இந்தப் புகை மனிதனை எப்படிக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். வலிக்காது. தூக்கம் வரும். உட்காரலாம் போல இருக்கும்.

உட்காரலாம் போல இருந்தது.

காரின் டிரைவர் கதவு திறந்தது.

க்ளிக்.

மெதுவாக. மரியாதையாக. உட்காருங்கள் என்பது போல.

உள்ளே சூடாக இருக்கும் என்று தெரிந்தது. என் கால் ஒரு அடி எடுத்து வைத்தது. இன்னொரு அடி. நான் வைக்கவில்லை, அதுவாக வைத்தது.

410.

அப்போதுதான் சீட்டைப் பார்த்தேன். தோல் உறை பள்ளமாகியிருந்தது. ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது ஆகுமே, அந்த மாதிரி. பிறகு அந்தப் பள்ளம் மெதுவாகப் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தது.

எனக்கு இடம் விட்டது.

"மாட்டேன்" என்றேன்.

குரல் வெளியே வரவில்லை. மறுபடி கத்தினேன்.

"மாட்டேன், போ! சனியனே!"

திரும்பினேன். கிரேன் கண்ணில் பட்டது. சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த மாற்று இன்ஜின். இருநூற்று எழுபது கிலோ. பத்தொன்பது வருஷம் நான் மட்டம் தட்டின, முப்பது மதிப்பெண் தின்ற, டெலிவரி வேன் இன்ஜின்.

கிரேனைப் பிடித்தேன். தள்ளினேன். சக்கரம் உருண்டது. என் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பெரிய கதவை நோக்கி ஓடினேன்.

டமார்.

தகரம் பள்ளமானது. இழுத்தேன். மறுபடி.

டமார்.

பின்னால் அந்தச் சத்தம் வேகமானது. டுக்டுக்டுக்டுக்...

"இரவல் சட்டையா? இரவல் சட்டையா? இந்தா!"

டமார்!

தகடு கிழிந்தது. வெள்ளை வெளிச்சம். குளிர் காற்று என் முகத்தில் அறைந்தது. கிழிசல் வழியாகத் தவழ்ந்து பனியில் விழுந்தேன்.

பின்னால்...

சத்தம் நின்றது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு கோர்டி என்னைப் பார்த்தார். பனியில் கிடந்தேன். எழுப்பினால் அவர் காலைக் கட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டினேனாம். தீயணைப்பிலிருந்து ஆர்வோ வந்து கொட்டகை முழுக்க மீட்டரை வைத்துப் பார்த்தார். சைபர். அலாரத்தைப் பார்த்தார். சைபர். இரண்டு இன்ஜினையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கோர்டி அண்ணே, இங்க எரிய எதுவுமே இல்லையே. இவங்களுக்குப் படபடப்பா வந்திருக்கும்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடு 24 சதவீதம். என்ன எரித்தீர்கள் என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். கடைசியில் சீட்டில் எழுதினார். காரணம் தெரியவில்லை.

அந்தச் சீட்டுதான் முதலில் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சொந்த இன்ஜினை டிராக்டரில் கட்டி நிலத்தின் கடைசி மூலைக்கு இழுத்துப் போனேன். மே மாதம் மண் இளகியதும் நான்கடிக் குழி தோண்டினோம். ஏழு சிலிண்டரிலும் என் கையால் சிமெண்ட் ஊற்றினேன். கட்டைவிரலால் அழுத்தினேன். பிறகு பதினொரு மூட்டை கான்கிரீட் மேலே. அத்தனை நாளும் கோர்டி ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மாற்று இன்ஜினை மறுபடி காரில் மாட்டினேன். கதவைக் கிழித்ததில் அதன் முன்பக்கம் ஒரு நீளமான கீறல் விழுந்திருந்தது. அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் கண்காட்சி. வெண்டல் டார்ச்சோடு வந்தார்.

"சொந்த இன்ஜின் கிடைச்சுதுன்னு கேள்விப்பட்டேனே?"

"கிடைச்சுது."

"எங்க?"

"பொதைச்சுட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். எங்கள் ஆட்கள் காரின் சரித்திரத்தை ஒரு கோப்பில் போட்டுக் காருக்கு முன்னால் வைப்பார்கள். விற்ற ரசீது, பழைய படம், பழுது பார்த்த கணக்கு, எல்லாம் இருக்கும். வெண்டல் என் கோப்பைப் புரட்டினார்.

"இது என்ன, ஆஸ்பத்திரிச் சீட்டு?"

"காரோட சரித்திரம்யா. முப்பதைக் கழிச்சுக்கோ. நாப்பதாக்கூடக் கழிச்சுக்கோ. இந்த இன்ஜின் எங்கேயும் போகாது."

முப்பதுதான் கழித்தார். போய்விட்டார்.

மூன்று மணி இருக்கும். ஓர் அம்மாள் காருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அறுபது, அறுபத்தைந்து வயது. எல்லோரும் பெயிண்டைப் பார்ப்பார்கள். அவர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அம்மா போட்ட இன்ஜின்தானே? மாத்தலையே?"

எனக்குக் காரை விற்ற இம்பி லாஹ்தியின் மகள். எல்வி. மினசோட்டாவில் இருப்பவர். இருபது வருஷத்துக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வந்திருந்தார். மாற்றவில்லை என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பழைய இன்ஜினை அம்மா விஸ்கான்சின்ல மாமா பண்ணைக்கு அனுப்பிட்டாங்க. சிமெண்ட் ஊத்தி."

"ஏன்?" என்றேன்.

"எங்கண்ணன் ரெய்னோ. 1974, ஜனவரி. இருபது வயசு. இந்தக் காருக்குள்ள, டிரைவர் சீட்டுல, கராஜ்ல செத்துக் கெடந்தான். விஷப்புகை. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் பனிச்சிருந்துச்சு. வேணும்னே கதவைச் சாத்திட்டு இன்ஜினை ஓட விட்டுட்டான்னு ஊரே சொல்லுச்சு. பேப்பர்லயும் அப்படித்தான் எழுதுனாங்க. சர்ச்சுல எங்ககிட்ட யாரும் கண்ணைப் பாத்துப் பேசல."

எல்வி இன்ஜினின் கீறலைத் தொட்டார்.

"அம்மா மட்டும் ஒத்துக்கல. ஆபீஸ் ஆபீஸா போய் ஒரே கேள்விதான் கேட்டாங்க. எந்த இன்ஜினை ஓட விட்டான்? ஏன்னா, அவன் அந்த இன்ஜினைத் தொடைக்கணும்னு மூணு வாரம் முன்னாடியே கழட்டிட்டான். அது மூலையில சங்கிலியில தொங்கிட்டிருந்துச்சு. அன்னிக்குக் கார்ல இன்ஜினே இல்ல."

சுற்றிலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"யாரும் கேக்கல. பெத்தவ அழுது பொலம்புறான்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் வேற இன்ஜின் போட்டு, இதே காரை இதே ஊருக்குள்ள இருபத்தொம்பது வருஷம் ஓட்டுனாங்க. தினமும். எல்லார் வீட்டு வாசல் முன்னாடியும்."

கோப்பைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து எல்வி கையில் கொடுத்தேன். அவர் தேதியைப் படித்தார். 24 சதவீதம் என்பதைப் படித்தார். காரணம் தெரியவில்லை என்பதைப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க கார்ல...?"

"இன்ஜின் இல்ல" என்றேன்.

எல்வி அந்தச் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டு வருஷத்து அழுகையை அங்கேயே அழுதார். அவருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். ரெய்னோவின் கல்லறையில் வைக்கப் போவதாகச் சொன்னார். கிளம்பும்போது இன்ஜினை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். எட்டுத் துடிப்பு. இடைவெளி இல்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது.

இந்த ஜனவரியில் எங்கள் நிலத்தில் மூன்றடிப் பனி. கடைசி மூலையில், கான்கிரீட் போட்ட இடத்தில் மட்டும் இல்லை. சுத்தமான தரை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் லேசாக வியர்த்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்திருந்தது.

மணி பார்த்தேன். மூன்று பன்னிரண்டு.

நேராகக் கடைக்குப் போய் இன்னும் ஆறு மூட்டை சிமெண்ட் வாங்கி வந்தேன். மாற்று இன்ஜின் போட்ட என் காரில்தான் போனேன்.